பன்முக மேதைக்கு நாங்கள் செய்த மரியாதை

உலகில் சாக்ஸபோன் வாசிக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஆனால் அப்படி வாசிக்கிற ஒருவரை எப்படிப் போற்ற வேண்டும் என்று அறிந்த ஒரே நிறுவனம் எங்கள் இசைக் கல்லூரிதான். செயலாளர் என்ற முறையில் இதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் ஜாஸ் பேராசிரியர் ஒரு ‘பன்முக மேதை’. வாசிப்பார், இசையமைப்பார், பாடம் நடத்துவார். இத்தனை முகம் உள்ளவரை மூன்றே வேலையோடு விட்டுவைப்பது பாவம் இல்லையா? ஆகவே விடுதிக் குழு, கட்டடக் குழு, வண்டி நிறுத்துமிடக் குழு எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டினோம். மனிதர் முகம் சுளித்ததில்லை. கூட்டம் நடக்கும்போது மேசைக்கு அடியில் அவர் விரல்கள் மட்டும் எதையோ வாசித்துக்கொண்டிருக்கும். நாங்கள் பெருந்தன்மையோடு அதைக் கண்டுகொள்வதில்லை.

ஒருநாள் என் அறைக்கு வந்தார்.

“சார், முன்பல் ரெண்டும் ஆடுது. அடுத்த மாசம் எடுத்தே ஆகணும்னு பல் டாக்டர் சொல்லிட்டார். அப்புறம் பழையபடி வாசிக்க வருமான்னு தெரியல. அதுக்குள்ள நான் எழுதினதை ஒரே ஒரு தடவை மேடையில வாசிச்சுடணும்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. “விழாவே எடுத்துடலாம்” என்றேன்.

விழாக் குழு கூடியது. மேடையேறும் எதையும் முன்கூட்டியே கேட்டு ‘ஒப்புதல்’ வழங்குவது எங்கள் மரபு.

“நடுவுல கொஞ்ச நேரம், அப்ப என்ன தோணுதோ அதைத்தான் வாசிப்பேன். அதை இப்பவே எப்படிங்க வாசிச்சுக் காட்டறது?” என்றார் பேராசிரியர்.

“அப்ப தோணப் போறது இப்பவே தோணிட்டா என்ன கெட்டுப்போச்சு?” என்று கேட்டார் குழுத் தலைவர். எவ்வளவு நியாயமான கேள்வி!

கடைசியில் பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்தோம். என்ன தோன்றினாலும் வாசிக்கலாம், பாராட்டுரைகள் முடிந்த பிறகு.

பல் எடுப்பதற்கு முந்தின நாள் மாலை விழா. அவர் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் வாத்தியத்தைக் கழுத்தில் மாட்டியபடி மேடையோரம் காத்திருந்தார். தலைவர் பேசினார். துணைத் தலைவர் பேசினார். கட்டடக் குழு மொத்தமும் ஒருவர் பின் ஒருவராகப் பேசியது. நான் மட்டும் சுருக்கமாக முக்கால் மணி நேரத்தில் முடித்துக்கொண்டேன். ‘அவர் மூச்சே இசை’ என்று நான் முழங்கியபோது, அவர் வாத்தியத்தின் ஊதுவாயில் இருக்கும் ரீட் காய்ந்துவிடாமல் நாக்கால் நனைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் அரங்கக் காவலாளி விளக்கை அணைக்க ஆரம்பித்துவிட்டான். ‘நேரமின்மை காரணமாக’ விழா இனிதே நிறைவுற்றது.

அவர் மனைவி நேரே என்னிடம் வந்தார். “ஏங்க, இத்தனை பேர் பேசினீங்களே, இவர் வாசிச்சு உங்கள்ல ஒருத்தராவது கேட்டிருக்கீங்களா?”

“கூட்டத்துக்குப் போகவே நேரம் பத்தலம்மா” என்றேன். உள்ளதைத்தானே சொல்ல முடியும்?

பேராசிரியர் வாத்தியத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடினார்.

மறுநாள் பல் போயிற்று. அந்த வாரமே அவரைக் கல்லூரி முதல்வராக்கினோம். அந்தப் பதவிக்கு வெகுகாலமாக அவர் பெயர்தான் அடிபட்டது. வாசிப்பு ஒன்றுதான் குறுக்கே நின்றுகொண்டிருந்தது.