குண்டு பொய் சொல்லாது

பள்ளி அரங்கில் எள் போட்டால் விழ இடமில்லை. பொறியாளர் அப்பாக்களும் பட்டத்துக்கு மேல் பட்டம் வாங்கிய அம்மாக்களும் பிள்ளைகளின் அறிவியல் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பின்னே, மூளை மாஸ்டர் அல்லவா வந்திருக்கிறார். நூலில் கட்டிய பித்தளைக் குண்டை நோட்டின் மேல் தொங்கவிடுவார். குண்டு சுற்றினால் பிள்ளைக்கு அறிவியல் மூளை உண்டு. சும்மா தொங்கினால் இல்லை. இல்லாத மூளையை வரவழைக்க மூன்று மாதச் சிறப்புப் பயிற்சியும் அவரிடமே உண்டு. கொத்தனார் கையில் இருந்தவரை அதற்குப் பெயர் தூக்குக்குண்டு. மாஸ்டர் கைக்கு வந்ததும் அது ஞானக்குண்டு ஆகிவிட்டது.

ஒரே ஒரு நிபந்தனை. நோட்டு லேபிளில் பிள்ளையின் பெயரும் போன பரீட்சை மதிப்பெண்ணும் பெரிதாக இருக்க வேண்டும். "அலைவரிசையப் பிடிக்கணும் இல்லையா" என்பார் மாஸ்டர். படித்தவர்கள் தலையாட்டுவார்கள்.

முன் வரிசையில் இயற்பியல் டீச்சர். இருபத்திரண்டு வருடமாக ஊசல் பாடம் நடத்துகிறவர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சூத்திரம் சொல்வார். ஆனால் குண்டைப் பார்த்தாரே தவிர, நூலைப் பிடித்த விரலைப் பார்க்கவில்லை. விரல் பாடத்திட்டத்தில் இல்லையே.

போன வாரம் அவருடைய மகளின் நோட்டுக்குக் குண்டு அசையவில்லை. லேபிளில் நாற்பத்தொன்று. "இந்தப் பொண்ணுக்கு அறிவியல் வராதும்மா" என்றார் மாஸ்டர். டீச்சர் அன்று அழுதேவிட்டார். மகளை வேறு பிரிவுக்கு மாற்றும் படிவம் இப்போது அவர் கைப்பையில் இருக்கிறது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. மகளோ வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்ட நாளிலிருந்து அறிவியலைத் தவிர வேறெதையும் படிக்க ஆசைப்பட்டதில்லை.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பாத்துடலாம்மா" என்று கெஞ்சி அவளே அம்மாவைக் கூட்டி வந்திருந்தாள். கையில் பழுப்பு அட்டை போட்ட இரண்டு நோட்டுகள். ஒன்றின் லேபிளில் வகுப்பில் முதலாவதாக வரும் தோழியின் பெயர், தொண்ணூற்றொன்பது. இன்னொன்றில் தன் பெயர், அதே நாற்பத்தொன்று.

தொண்ணூற்றொன்பதின் மேல் குண்டு ராட்டினமாகச் சுற்றியது. மாஸ்டர் நோட்டைப் புரட்டினார்.

"எழுத்தப் பாருங்க, என்ன தெளிவு. விஞ்ஞானி கையெழுத்து இது."

நாற்பத்தொன்றின் மேல் குண்டு செத்துத் தொங்கியது. மாஸ்டர் அதன் முதல் பக்கத்தைத் திறந்து உச்சுக்கொட்டினார். "படம் கூடப் பாதிதான் இருக்கு. எல்லாமே அரைகுறை."

"எழுத்த வச்சுத்தான் சொல்றீங்களா சார்?" என்று கேட்டாள் மகள்.

"எழுத்துலதாம்மா மூளை இருக்கு. குண்டு பொய் சொல்லாது."

மகள் இரண்டு அட்டைகளையும் கழற்றினாள். ஒன்றின் கடைசிப் பக்கத்தையும் மற்றதன் முதல் பக்கத்தையும் ஒட்டி வைத்தாள். பாதி மின்சுற்றுப் படம், மீதிப் பாதியோடு அச்சாகப் பொருந்தியது.

"ஒரே நோட்டு சார், என்னோடது. நடுவுல வெட்டி ரெண்டாக்கினேன். ஆள் மாறல, எழுத்து மாறல. லேபிள் மட்டும்தான் மாறுச்சு."

மாஸ்டர் சளைக்கவில்லை. "முதல் மாணவி பேருக்கே ஒரு சக்தி இருக்கும்மா. அது குண்டை இழுத்துடுச்சு."

"சரி சார். லேபிள் ரெண்டையும் கவுத்து, கலைச்சு வைக்கிறேன். எது அந்தப் பேருன்னு குண்டே சொல்லட்டும்."

குண்டு இரண்டின் மேலும் ஒரே மாதிரி நடுங்கியது. கை நடுங்கினால் குண்டு என்ன செய்யும், பாவம். "இங்க எதிர்மறை எண்ணம் ஜாஸ்தி" என்று மாஸ்டர் ஞானத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக நடையைக் கட்டினார். பின் வரிசையில் ஒரு பொறியாளர் பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார்: "அந்த முதல் பொண்ணு பேர்ல நமக்கும் ஒரு லேபிள் கிடைக்குமா?"

டீச்சர் சிரிக்கவில்லை. அவருக்குப் போன பரீட்சை ஞாபகம் வந்தது. சோதனையில் ஒப்பீடு எதற்கு என்பது கேள்வி. தோழி பாடப்புத்தகத்தை வரி பிசகாமல் ஒப்பித்து ஐந்துக்கு ஐந்து வாங்கினாள். மகள் எழுதியிருந்தாள்: 'ஒன்றை மட்டும் மாற்று, மற்றதை அப்படியே விடு. அப்போதுதான் எது காரணம் என்று தெரியும்.' புத்தகத்தில் இப்படி இல்லை என்று சிவப்பு மையால் சுழித்துப் பூஜ்யம் போட்டவர் இவரேதான்.

அவமானமாக இருந்தது. படிவத்தை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"அந்த விடைத்தாள வீட்டுல வச்சிருக்கியா?" என்று மகளிடம் கேட்டார்.

"இருக்கும்மா. எதுக்கு?"

"திருத்தணும்."

பெற்றோர்களே, லேபிளைப் பார்த்து ஆடிய குண்டு சட்டைப்பைக்குள் போய்விட்டது. லேபிளைப் பார்த்து ஆடும் தலைகளை எந்தப் பையில் போடுவது என்று நீங்களே கொஞ்சம் யோசியுங்கள்.