டின் மாஸ்டர் மேல் ஒரு மனு

சிதம்பரத்தில் நான் சந்தேகப்படாத ஆள் கிடையாது. ஆனால் ஒரு தெருவே ஒன்றுகூடிச் சந்தேகப்பட்ட பெருமை டின் மாஸ்டர் ஒருவருக்குத்தான் உண்டு.

2006 வாக்கில் பெண்ணாடத்திலிருந்து மாற்றலாகி, அண்ணாமலை நகர்ப் பக்கம் நாங்கள் குடிவந்தபோது, தெருக்கோடி வீட்டில் அவர் ஏற்கெனவே இருந்தார். சுனாமிக்குப் பிறகு கடலூர்க் குப்பங்களில், பயந்துபோன பிள்ளைகளைப் பாடவும் வரையவும் வைத்தவர் என்றார்கள். இங்கேயும் சாயங்காலமானால் வீடு நிறையப் பிள்ளைகள். கட்டணம் கிடையாது.

“காசு வேணாங்கறவன் வேற எதுக்கோ அடிபோடுறான் மச்சான்,” என்றான் எதிர்வீட்டுப் பாலு.

அவருடைய சிகிச்சை முறை எளிது. எரிச்சலுக்கு பிஸ்கட் டின். கோபத்துக்கு எண்ணெய் டின். துக்கத்துக்கு நீல நிறத் தண்ணீர் டிரம். பிள்ளை தனக்கு வேண்டியதை எடுத்து ஆசைதீர அடிக்கலாம். பிறகு அதே தாளத்தில் ஒரு பாட்டு முணுமுணுத்து, கிரேயானால் மனதில் இருப்பதை வரைய வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், எந்த டின் என்று தெரியும்படி சத்தம் தெருவுக்கே கேட்டது. பாலுவின் பையன் எண்ணெய் டின்னை எடுத்த மறுநாள், குழாயடியில் மூன்று பெண்கள் பாலுவின் மனைவியிடம், “வூட்டுக்காரரு திரும்ப எதுனா சொன்னாராக்கா?” என்று துக்கம் விசாரித்தார்கள். அன்றைக்கே வீட்டு உரிமையாளரிடம் மனு கொடுத்து மாஸ்டரைக் காலி செய்ய வைப்பதென முடிவாயிற்று. பத்திரிகையில் இரண்டு துணுக்கு வந்த குற்றத்துக்காக, எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ‘பிள்ளைகள் வாயிலாகக் குடும்ப ரகசியங்களை அறியும் உள்நோக்கம்’ என்று ஒரு வரி போட்டேன். தெரு முழுக்கப் பாராட்டிய என் ஒரே வரி அதுதான்.

எனக்குத் தனிப் பயம் ஒன்றும் இருந்தது. என் மகள் கயல், எட்டு வயது, இந்த ஊருக்கு வந்த நாளாக என்னிடம் பேசுவதில்லை. எது கேட்டாலும் தலையாட்டல்தான். நான்கு மாதம். அவள் அம்மா அவளையும் அங்கே அனுப்பியிருந்தாள். கயலோ இரண்டு வாரமாக எந்த டின்னையும் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“உங்க வீட்டு சத்தமே கேக்கலியே மச்சான். மேட்டர் ரொம்ப ஜாஸ்தியோ?” என்றான் பாலு.

மனுவை ஞாயிற்றுக்கிழமை கொடுப்பதாக ஏற்பாடு. சனிக்கிழமை சாயங்காலம், பதினேழு கையெழுத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மாஸ்டரின் ஜன்னலோரம் நின்று வேவு பார்த்தேன். கயல் எழுந்தாள். பிஸ்கட் டின்னைக் கடந்தாள். எண்ணெய் டின்னையும் கடந்தாள். நீல டிரம்மை இரண்டு கையாலும் அடித்தாள். தொம். தொம். தொம். பாலு வாசலுக்கே வந்துவிட்டான்.

நான் உள்ளே ஓடினேன். “இவளுக்கு என்னங்க துக்கம்? என்ன சொல்லிக் குடுத்தீங்க?”

“எனக்கு எப்புடி சார் தெரியும்? டிரம்முதான் என்னுது. கொழந்த உங்குளுது. கேளுங்க.”

கேட்டேன். கயல் அதற்குள் ஒரு லாரியையும் இரண்டு சிறுமிகளையும் வரைய ஆரம்பித்திருந்தாள். நிமிராமல் சொன்னாள்:

“செல்விகிட்ட போயிட்டு வரேன்னு சொல்லவே வுடல நீங்க. லாரி கெளம்புதுன்னு தூக்கி ஏத்திட்டீங்க.”

செல்வி, பெண்ணாடத்தில் பக்கத்து வீட்டுச் சிறுமி. அன்றைக்குக் கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் ஏறிவிட்டனவா என்று இரண்டு முறை சரிபார்த்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கயலும் பெண்ணாடம் போகும் பஸ்ஸில் இருந்தோம். மனு தொலைந்துவிட்டது என்றேன். எழுதுகிறவன் எதையும் தொலைப்பான் என்று பாலு நம்பினான். திரும்பி வரும் வழியெல்லாம் கயல் பேசினாள். மறுவாரமும் பேசினாள். மாஸ்டரிடம் முறையிட்டேன்.

“வாய மூட மாட்டேங்குதா? அதுக்கு எங்கிட்ட டின்னு இல்ல சார்.”

அடுத்த வருடம் ஒருநாள் காலையில் கோடி வீடு பூட்டிக் கிடந்தது. நாகப்பட்டினம் என்றார்கள், புதுச்சேரி என்றார்கள். யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வாசலில் மட்டும் நீல டிரம் இருந்தது.

“நான் அப்பவே சொல்லல மச்சான்? சந்தேகமான ஆளு.”

ஆமாம் என்று தலையாட்டினேன். போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாத மனிதரை எப்படி நம்புவது? டிரம் இப்போது எங்கள் குளியலறையில் இருக்கிறது. வீட்டில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அதில் இரண்டு தட்டு தட்டிய பிறகே நான் செம்பை எடுக்கிறேன்.