ஊரே கூப்பிட்ட சாக்கு

ஆடுகோடி, பெங்களூர்
12-2-1958

சென்னை புரசைவாக்கத்தில் இருக்கும் அன்பு மாப்பிள்ளை வெங்கடசாமி அவர்களுக்கு, சின்ன மாமனார் கோவிந்தப்பா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் சந்திரம்மாவும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதினால் பொய். உங்கள் மாமனார், என் அண்ணன் முனிகிருஷ்ணன், போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய சாக்குக் கடையைத் திறந்தால் அவர் நினைப்பு வந்துவிடுகிறது, உடனே மூடிவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாடக சபாவில் அண்ணன் படத்தைத் திறக்கிறார்கள். தலைமை தாங்குபவர் கன்னடக்காரர், வருகிறவர்களில் பாதிப் பேரும் அப்படியே. படத்துக்குக் கீழே தமிழிலும் கன்னடத்திலும் எழுத வேண்டியதை உங்கள் மாமியார் எல்லம்மா அண்ணியே பெயின்டரிடம் சொல்லிவிட்டார்கள்: "சாக்கு, சாக்கு என்று ஊரே கூப்பிட்ட நடிகர்." இதைத் தடுக்க உங்களை விட்டால் ஆளில்லை. நான் சொன்னால் காதிலேயே விழாது. மாப்பிள்ளை சொன்னால் தட்டமாட்டார்கள்.

உங்களுக்குக் கன்னடம் தெரியாது என்பதால் விளக்குகிறேன். அண்ணன் குடியாத்தத்திலிருந்து வந்து, பழைய சாக்கு வாங்கி, ஒட்டுப் போட்டு, விற்று ஆளானவர். மண்டிக்காரர்களோடு தமிழும் தக்கினி உருதுவும் பேசியே காலம் ஓடியதால் கன்னடம் அவர் பக்கமே வரவில்லை. பகலில் சாக்கு, சாயங்காலம் ஒத்திகை. எந்த நாடகமானாலும் ராஜா அவர்தான், ஏனென்றால் சிம்மாசனம், திரை, முன்வரிசை விரிப்பு எல்லாமே அவர் கடைச் சாக்கு. வில்லன் கத்தியால் குத்தியதும் ராஜா சாக வேண்டும், ஆனால் அண்ணன் லேசில் சாகமாட்டார், விழுவார், எழுவார், மகனுக்குப் புத்தி சொல்வார், ஒரு பாட்டுப் பாடுவார், மறுபடி விழுவார், நாட்டை யாரிடம் ஒப்படைப்பது என்று ஞாபகம் வந்து மறுபடி எழுவார். ஒரு தடவை குத்தின வில்லனே கால் கடுத்து உட்கார்ந்துவிட்டான். கடைசியில் செத்தாலும் சாக்குத் தூசி மூக்கில் ஏறிப் பிணம் தும்மும். தும்மினதற்கு ஈடாக எழுந்து இன்னொரு பாட்டு.

இந்த இடத்தில்தான் கூட்டம் "சாக்கு, சாக்கு" என்று கத்தும். அண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். "பாத்தியாடா கோவிந்து, நம்ம கடைப் பேரைச் சொல்லியே கூப்புடறானுங்க. இன்னா பாசம்" என்பார். மாப்பிள்ளை, கன்னடத்தில் சாக்கு என்றால் போதும் என்று அர்த்தம். போதுமடா சாமி, செத்துத் தொலை என்று கத்தியிருக்கிறார்கள். மில்லில் கன்னடக்காரர்களோடு வேலை பார்த்த எனக்கு அது தெரியும். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? இத்தனை வருஷமும் கட்டிக் காத்தேன். அவரும் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்.

இப்போது அண்ணியை யார் காப்பாற்றுவது? அடுப்படியே கதி என்று இருந்த மனுஷி, கன்னடம் ஒரு சொல் தெரியாது. அன்றைக்குப் படத்தைத் திறந்ததும் சபையே கொல்லென்று சிரிக்கும், அண்ணி நடுவில் நின்று ஏன் சிரிக்கிறார்கள் என்று விழிப்பார்கள். உடனே ரயிலேறி வந்து வேறு ஏதாவது எழுதச் சொல்லுங்கள். காரணத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சந்திரம்மாவுக்கும் குழந்தைக்கும் என் ஆசி. உங்கள் தாயாரின் முழங்கால் வலியை மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
கோவிந்தப்பா

பி.கு.: மேலே எழுதியதில் ஆசியையும் முழங்காலையும் தவிர மற்றதை மறந்துவிடவும். மை காயுமுன் அண்ணி காப்பியோடு வந்து, "மாப்பிள்ளைக்கா? படிங்க, கேக்கறேன்" என்று எதிரில் உட்கார்ந்துவிட்டார்கள். பாதியை விழுங்கிப் படித்தேன். கண்டுபிடித்து முழுதும் படிக்க வைத்தார்கள்.

"இன்னா தம்பி, தினம் காலையில பால்காரன்கிட்ட சாக்குப்பா, சாக்குன்னு சொல்றது யாரு, நான்தானே? எனக்கா தெரியாது? மொத நாடகத்தன்னிக்கே அவர்கிட்ட சொல்லிட்டேன். அதுக்கு அவரு, 'சாக்கு சாக்குன்னு கத்தறானுங்களே, ஒருத்தனாவது எழுந்து போனானா, எல்லம்மா?'ன்னாரு. நீங்க மறைக்க அவ்ளோ பாடுபட்டீங்க, பாவம், அதான் உங்ககிட்ட மட்டும் தெரியாத மாதிரியே இருந்துட்டாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது, கையெழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளவும். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். படத்தைத் திறந்ததும் எல்லோரோடும் சேர்ந்து சாக்கு, சாக்கு என்று கத்த வேண்டும். கத்திவிட்டு எழுந்து போய்விடக் கூடாது.