இருபத்திரண்டு தாள்களும் என் கறுப்பு மார்க்கரும்

புள்ளியைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. மயிலாடுதுறையில் எங்கள் தெருவின் மார்கழிக் கோலப் போட்டியில் நான்கு வருடம் தொடர்ந்து முதல் பரிசு (நான்கு எவர்சில்வர் டப்பாக்கள்) வாங்கியவள் நான். அந்தத் தலைக்கனம்தான் வளைகுடாப் பாலைவனத்து ருவைஸில் என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

அது நடந்தது இரண்டாயிரத்து ஐந்து வாக்கில். கணவருக்குச் சுத்திகரிப்பு ஆலையில் ஷிஃப்ட் டியூட்டி. நான் குடியிருப்புக்குள் இருந்த மழலையர் பள்ளியில் மூன்று மாதத் தற்காலிக ஆசிரியை. கடைசி வாரம் தலைமையாசிரியை வகுப்புக்கு வந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தால்தான் வேலை நிரந்தரம். அந்த வேலை எனக்கு உயிர். ஏசி ஓடும் சத்தத்தையும் குழந்தையின் மழலையையுமே பேச்சுத்துணையாக வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்த இரண்டு வருடங்கள் போதும் போதும் என்றாகியிருந்தது.

அந்த வாரப் பாடம் ஆஸ்திரேலியா. ரூபி என்ற சிறுமியின் அம்மா லின்டா அந்நாட்டின் பூர்வகுடிப் பெண். அவர் வகுப்புக்கு வந்து தரையில் உட்கார்ந்து, குச்சி முனையைச் சாயத்தில் தோய்த்துப் புள்ளி வைத்துக் காட்டினார்.

"எங்க பெரியவங்க வரையற சின்னங்களைக் காப்பி அடிக்க வேண்டாம். அதெல்லாம் அந்தந்தக் குடும்பத்துக்குச் சொந்தம். உங்க கதையை உங்க புள்ளியில சொல்லுங்க" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நானும் தலையாட்டினேன். பிள்ளைகள் ஆளுக்கொரு தாளில் புள்ளி வைத்துத் தள்ளினார்கள்.

மதியம் பிள்ளைகள் போனதும் இருபத்திரண்டு தாள்களையும் சுவரில் ஒட்டினேன். பார்க்கப் பார்க்க மனம் பதைத்தது. மறுநாள் தலைமையாசிரியை வருகிறார், சுவரிலோ வெறும் புள்ளிகள்! புள்ளி வைத்துவிட்டு யாராவது அப்படியே எழுந்து போவார்களா? (எங்கள் தெருவில் போனால், அடுப்பில் பால் பொங்குகிறது என்று அர்த்தம்.) பாவம், குழந்தைகளுக்கு நேரம் போதவில்லை என்று நானே முடிவு கட்டி, கறுப்பு மார்க்கரை எடுத்தேன். ஒரு மணி நேரத்தில் இருபத்திரண்டும் சிக்குக் கோலம். கோணலான வரிசைகளுக்கு என் கைப்பட நாலைந்து புள்ளிகள் இலவசம். ரூபியின் தாளில் தாமரையே பூத்துவிட்டது.

மறுநாள் காலை தலைமையாசிரியையும் லின்டாவும் ஒன்றாக வந்து நின்றார்கள். முதல் அழுகை என் சொந்த மகள் நிலாவுடையது. அவளும் அதே வகுப்பு.

"மிஸ்! வேர் இஸ் மை ஃபிஷ்?" (பள்ளியில் நான் அம்மா இல்லை.)

"எந்த மீனுடா கண்ணு?"

"அந்தப் புள்ளியெல்லாம் மீனு! நீங்க வலை போட்டுப் புடிச்சிட்டீங்க!"

அதற்குப் பிறகு ஒருவருடைய பஸ் காணாமல் போனது, இன்னொருவருடைய தம்பி காணாமல் போனான். வகுப்பே ஒப்பாரி வைத்தது.

"இதை வரைஞ்சது யாரு?" என்றார் தலைமையாசிரியை.

"பிள்ளைங்களும் நானும், மேடம்."

"பிள்ளைங்க எவ்வளவு?"

"புள்ளி மட்டும்."

கலாஸ், வேலை போயிற்று என்று நினைத்தேன். அசடு வழிய, கோலத்தைப் பற்றி உண்மையைச் சொன்னேன். லின்டா சிரிப்பை அடக்கிப் பார்த்துத் தோற்றார்.

"உங்க ஊர்ல புள்ளி ஆரம்பம். இவங்களுக்கு நேத்து அதுவே முழுக்கதை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார்.

சுருக்கென்றது. குழந்தைகளின் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டேன். நாலு வயதுக்காரர்கள் இருபத்திரண்டு பேர் என்னை மன்னிப்பதா வேண்டாமா என்று யோசித்தார்கள்.

"வெளியில மணல் இருக்கா?" என்றார் லின்டா. ருவைஸில் மணலுக்கா பஞ்சம்! அவருடைய சொந்தக்காரப் பெண்கள் மணலில் விரலால் வரைந்துகொண்டே கதை சொல்வார்களாம்; முடிந்ததும் அழித்துவிட்டு அடுத்த கதையாம். பிள்ளைகள் மைதானத்து மணலில் உட்கார்ந்தார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போய், "இது என்ன?" என்று மட்டும் கேட்டேன். எவ்வளவு கதைகள்! ரிஃபைனரிப் புகைபோக்கிக்குக் காய்ச்சலாம். நிலாவுடைய மீன் வலையை அறுத்துக்கொண்டு தப்பித்துவிட்டதாம். சற்று நேரத்தில் தலைமையாசிரியையும் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

போகும்போது, "நாளையிலிருந்து நீங்க பர்மனன்ட். மார்க்கர் மட்டும் என் ரூம்ல இருக்கட்டும்" என்றார்.

எங்கள் வீட்டில் இன்றும் நான் அடுத்தவர் பேச்சில் புகுந்தால், "மிஸ், மார்க்கரைக் கீழ வைங்க" என்பார்கள். (கணவருக்கு இது தினசரி ஜபம்.) போன வாரம் நிலா ஃபோன் செய்தாள்.

"அம்மா, உங்ககிட்ட ஒருத்தரைப் பத்திச் சொல்லணும்."

"எந்த ஊரு? என்ன வேலை? அவங்க வீட்ல..."

"மிஸ்!"

வாயை மூடிக்கொண்டேன். அவள் நாற்பது நிமிடம் சொன்னாள். நான் ஒரு கோடுகூடப் போடவில்லை.