குளம் பச்சையானதற்கு நான் காரணமல்ல

அன்புள்ள மைத்துனருக்கு, அத்தான் எழுதுவது. நான் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. என்னோடு பேசாவிட்டாலும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். மேசைக் கால் ஒடிந்துவிட்டதால், சமையலறைக் கதவுக்குப் பின்னால் கிடந்த பலகையை மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளவும்.

உங்கள் குளம் பச்சையாகி மீன் மிதந்ததற்கு என் வயல் வடிகால்தான் காரணம் என்று கடைத்தெருவில் சொன்னீர்களாம். "எங்கக்கா இருந்த வரைக்கும் குளம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு" என்றும் சொன்னீர்களாம். அவள் போய் ஏழு மாதம் ஆகிறது. அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருபது வருடமாக அதே வயல், அதே யூரியா, அதே வடிகால், அவளைப் பார்த்து வெட்கப்பட்டுத்தானா தண்ணீர் சுத்தமாகப் போனது என்று கேட்க நினைத்தேன், கேட்க வீட்டில் ஆள் இல்லை, அதனால் வடிகால் அதிகாரியை வரவழைத்தேன், அவர் வரப்பில் வழுக்கினார், கைகொடுக்கப் போன நானும் சேற்றில் உட்கார்ந்தேன், இரண்டு பேரும் தவழ்ந்தே வடிகால் வாய்க்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் வாயின் இரு பக்கமும் பள்ளமாக வெட்டியிருந்த காடியைத் தடவிப் பார்த்து, "பலகை எங்கய்யா?" என்றார்.

"எந்தப் பலகை?"

"உரம் போட்டா அஞ்சு நாளைக்கு இதுல பலகைய இறக்கித் தண்ணிய நிறுத்தணும். இல்லேன்னா உரம் பூரா கீழ இருக்கிறவங்க குளத்துக்குப் போயிடும். இத்தனை வருசமா யாரு இறக்கினது?"

எனக்குத் தெரியாமல் என் வயலில் ஒரு பலகையா என்று சத்தம் போட்டேன். உரம் போட்ட அன்றெல்லாம் நான் முதுகுவலியோடு வந்து படுத்துவிடுவேன். மறந்து வைத்த மண்வெட்டியை எடுத்து வருகிறேன் என்று உங்கள் அக்கா வயலுக்குப் போய் வருவாள், அவ்வளவுதான். அதிகாரி ஒற்றைச் செருப்போடு போய்விட்டார்.

ஆகவே குற்றம் உங்கள் குளத்தின் மேல்தான். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், அவர்கள் அத்தையின் பங்கையும் சேர்த்து.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: கடித உறையை ஒட்டப் பசை தேடி எழுந்தபோது பலகை கீழே விழுந்து புரண்டது. பின்பக்கம் கரியால் எழுதி வைத்திருக்கிறாள்: "உரம் போட்டா அஞ்சு நாள். தம்பி குளம்." மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடுங்கள். நேற்றுத்தான் மறுபடி உரம் போட்டிருக்கிறேன். இதைச் சுவரில் வைத்து எழுதுகிறேன், பலகை வயலுக்குப் போக வேண்டும். நீங்கள் சொன்னது சரிதான், அவள் இருந்த வரைக்கும்தான்.