அறுபதில் வரும் சத்தம்

"ஏங்க, வண்டியில ஏதோ சத்தம் வருதே, உங்களுக்குக் கேக்கலை?"

பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி தோளைத் தட்டிக் கேட்டபோது வண்டி அறுபதைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவர் கூர்ந்து கேட்டார். காற்று கேட்டது. என்ஜின் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

"கேக்குது," என்றார். "நானும் கவனிச்சுக்கிட்டுத்தான் வர்றேன்."

அது பொய். ஆனால் அவருடைய நிலைமையில் வேறு பதில் சொல்ல வழியில்லை. தண்ணீர் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் அவருக்கு வேலை. பம்ப்பை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். அவர் தலையாட்டினால் பம்ப் லாரி ஏறும். உதட்டைப் பிதுக்கினால் வந்த வழியே திரும்பிப் போகும். தொழிற்சாலை முழுக்க அவருக்குக் 'காதுக்காரர்' என்றுதான் பெயர். அப்பேர்ப்பட்டவர், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மனைவிக்குக் கேட்ட சத்தம் தனக்குக் கேட்கவில்லை என்று எப்படி ஒப்புக்கொள்வார்?

வேகத்தைக் குறைத்தார். "இப்போ?"

"இப்போ இல்லை."

ஏற்றினார்.

"வந்துடுச்சு."

"ஆமாமா," என்றார் காதுக்காரர்.

அன்று மாலையே வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டு போனார். எந்த மாதிரிச் சத்தம் என்று மெக்கானிக் கேட்டதும் விழித்தார். அதை மனைவியிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. தனக்கும் கேட்கிறது என்று சொல்லிவிட்ட பிறகு எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

"கிர்ருன்னு வரும்," என்றார். அது போதாது என்று தோன்றவே, "நடுநடுவுல உய்ங்குன்னும் இருக்கும்," என்று சேர்த்துக்கொண்டார்.

மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். இறங்கி, காதுக்காரரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"லேசா இருக்கு சார்," என்றார்.

காதுக்காரர் தலையாட்டினார். ஆக, சத்தம் நிஜம். கேட்காதது தனக்கு மட்டும்தான்.

செயினை இறுக்கிக் கொடுத்தார் மெக்கானிக். மறுநாள் காலை அறுபதைத் தொட்டதும், சத்தம் அப்படியே இருப்பதாக மனைவி சொன்னாள். சக்கரத்தின் பேரிங்கை மாற்றினார்கள். போகவில்லை. மட்கார்டைக் கழற்றி மாட்டினார்கள். அதற்கும் போகவில்லை. கழற்றிய போல்ட்டுகளில் சில பழைய இடத்துக்குத் திரும்ப மறுத்ததால், வண்டி இருபதில் கடகடவென்றும் முப்பதில் தடதடவென்றும் புதிதாகப் பேச ஆரம்பித்தது. நாற்பதில் அது போட்ட சத்தத்துக்குத் தெருநாய்கள் எழுந்து வழிவிட்டன.

மனைவி மட்டும் பெருந்தன்மையாக இருந்தாள். இந்தச் சத்தமெல்லாம் பரவாயில்லை, அந்த அறுபதில் வருவதுதான் என்னவோ போல இருக்கிறது என்றாள். சரியாகும் வரைக்கும் அவளை ஐம்பதிலேயே கூட்டிக்கொண்டு போனார். கடகடப்புக்கு நடுவே அவள் கடைக்கு வந்த ஆட்களைப் பற்றி வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். அவருக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. அவர் காது வேறு எங்கோ இருந்தது.

அவளை இறக்கிவிட்ட பிறகு தனியாக வெளிவட்டச் சாலைக்குப் போவார். அறுபது, எழுபது, எண்பது. ஒருநாள் ஓடும் வண்டியிலேயே குனிந்து பெட்ரோல் டேங்கில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு போனார். பக்கத்தில் வந்த லாரியிலிருந்து ஓட்டுநர் எட்டிப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று அக்கறையாக விசாரித்தார்.

இனித் தாங்காது என்று மைத்துனரை வரவழைத்தார். மனைவியின் தம்பி கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர். ஆயிரம் பேர் கத்துகிற இடத்தில் எந்த ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று சொல்லிவிடுவார். அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு காதுக்காரர் வண்டியை அறுபதுக்குக் கொண்டு வந்தார்.

"கேக்குதா மாப்ளே?"

மைத்துனர் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "கேக்குது மாமா. நல்லாவே கேக்குது," என்றார்.

காதுக்காரருக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. ஒருவேளை பின்னால் உட்காருபவருக்கு மட்டும்தான் அது கேட்குமோ? வண்டியை நிறுத்தி, மைத்துனரை ஓட்டச் சொல்லிப் பின்னால் ஏறிக்கொண்டார். அறுபது வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒன்றுமில்லை.

முன்னாலிருந்து மைத்துனர் குரல் கொடுத்தார். "இப்போ இங்க கேக்குது மாமா."

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போனது. சாப்பாடு இறங்கவில்லை. சோதனை அறையில் ஸ்க்ரூடிரைவரை ஒரு காதில் வைத்துக் கேட்டுவிட்டு, மறு காதுக்கு மாற்றியும் கேட்டார். பம்ப் ஒழுங்காக ஓடுவது போலத்தான் கேட்டது. ஆனால் வண்டியும் அப்படித்தானே கேட்டது? இந்தக் காதை நம்பி ஒரு பம்ப்பை வெளியே அனுப்பி, அது யாருடைய கிணற்றிலாவது போய்ப் புகைந்தால்? உதட்டைப் பிதுக்கினார். அடுத்ததற்கும் பிதுக்கினார். திருப்பி அனுப்பிய பம்ப்புகள் நடைபாதையை அடைத்துக்கொண்டன. சாப்பாட்டு அறைக்குப் போகிறவர்கள் அவற்றின்மேல் ஏறி இறங்கிப் போனார்கள்.

முதலாளியே இறங்கி வந்தார். ஒரு பம்ப்பை ஓடவிட்டுத் தன் காதாலும் கேட்டுப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேப்பா."

"கேக்காத சத்தம்தான் சார் ஆபத்து," என்றார் காதுக்காரர்.

முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார். கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். திரும்பி வரும்போது சோதனைப் பிரிவில் அவர் இருக்க வேண்டுமா, கிடங்குக்கு மாற்றலாமா என்று யோசித்துச் சொல்வதாகவும் சொன்னார்.

காதுக்காரர் வீட்டுக்குத் தெரியாமல் காது டாக்டரிடம் போனார். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஒன்றை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டுமாம். அவர் உடனே அழுத்தினார். மறுபடி அழுத்தினார். விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார்.

பரிசோதிக்கும் பெண் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "சார், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை."

கேட்காத சத்தத்துக்கெல்லாம் 'ஆமாம்' போட்டுப் போட்டு அதுவே பழக்கமாகிவிட்டிருந்தது. அதன் பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் அழுத்தினார். முடிவைப் பார்த்த டாக்டர் சிரித்தார். இந்த வயதில் இப்படி ஒரு காதைத் தான் பார்த்ததே இல்லை என்றார். பக்கத்து அறையில் எறும்பு நடந்தாலும் உங்களுக்குக் கேட்குமே, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்.

காதுக்காரர் வெளியே வந்து நின்றார். தெருவில் ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாக வந்து காதில் விழுந்தது. தூரத்தில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிப்பதுகூடக் கேட்டது. அப்படியானால் காதில் குறையில்லை. குறை வண்டியில்தான். ஏதோ ஒரு விசித்திரமான கோளாறு. மனிதக் காதுகளில் மிகச் சிறந்ததற்கு மட்டும் அது பிடிபடவில்லை. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு நொடியில் தெளிவாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது காதுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த வண்டியைத் தள்ளிவிட்டாச்சு."

மனைவி நிமிர்ந்தாள். "என்னது?"

வேலைக்குப் போய்வர என்ன செய்வது என்று அவள் கவலைப்பட வேண்டாம் என்றார். புதுசுக்கு ஏற்பாடு செய்தாகிவிட்டது. நாளைக் காலை வாசலுக்கு வந்துவிடும். பழையதைவிட இரண்டு மடங்கு பெரிய என்ஜின். கடைக்காரர் தன்னையே உட்கார வைத்து ஓட்டிக் காட்டினாராம். நூறில் போனாலும் பூனை நடக்கிற மாதிரி இருக்கிறதாம்.

"எல்லாம் உனக்காகத்தான்," என்றார். "பின்னாடி உக்காந்து இவ்வளவு நாளா அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கிட்டு வந்திருக்கே. ஐம்பதுலயே உருட்டி உருட்டி உன்னைக் கடைக்கு லேட்டாக்கினேன். இனிமே அந்தத் தொல்லையே இல்லை. வீட்டு வாசல்ல கிளம்பினா நூறு. நேரா கடை வாசல்லதான் நிறுத்தறோம்."

மனைவியின் கையில் இருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

மைத்துனர் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அக்காவின் பக்கம் திரும்பினார்.

"நான் அப்பவே சொன்னேனா இல்லையாக்கா, சத்தம் கித்தம்னு கதை கட்டாம, 'வேகமா போனா பயமா இருக்கு'ன்னு நேரா சொல்லிடுன்னு?"