கறிவேப்பிலைக்கு ஒரு கடல்வழி

உலக வரலாற்றில் மெச்சத்தக்க பயணங்கள் இரண்டே இரண்டு. முதலாவது, ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் போர்த்துக்கேயர் லிஸ்பனிலிருந்து புறப்பட்டு, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு கள்ளிக்கோட்டைக்கு வந்து சேர்ந்தது. இரண்டாவது, 1998ஆம் ஆண்டு மே மாதம் திரு. குலசிங்கம் அவர்கள் தமது இல்லத்திலிருந்து புறப்பட்டு, மூன்று தெருக்களைச் சுற்றிக்கொண்டு, ஒக்லாந்து நகரத்து மங்கரேயிலேயே இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. முதலாவதைப் பற்றிப் புத்தகங்கள் மலிந்து கிடக்கின்றன. இரண்டாவதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. இந்த அநீதியைப் பொறுத்துக்கொண்டிருக்க முடியாது.

குலசிங்கம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுப்பும் கம்பனி ஒன்றில் வேலை பார்த்தார். அது வயிற்றுப்பாடு. அவருடைய மெய்யான பதவி, ஒக்லாந்துத் தமிழ்ச் சான்றோர் அவையின் தலைவர். கள்ளிக்கோட்டைப் பயணத்தின் ஐந்நூறாவது ஆண்டை ஒட்டி, ‘ஐரோப்பியர் ஏன் புதிய கடல்வழி தேடினர்?’ என்ற தலைப்பில் ‘மாபெரும் ஆய்வரங்கம்’ நடத்த அவை தீர்மானித்திருந்தது. ஆய்வரங்கம் முடிந்ததும் விருந்து. விருந்து முடிந்ததும் தலைவர் தேர்தல். இந்த வரிசையை வகுத்தவர் குலசிங்கமேதான். வயிறு நிறைந்த சபையில் எதிர்க்கட்சி இருக்காது என்பது பொதுவாழ்வில் அவர் சொந்தமாகக் கண்டறிந்த உண்மை.

ஆய்வுக் கட்டுரையும் அவருடையதே. அறிவுத் தாகம், ஆராயும் ஆர்வம், நாகரிகம் பரப்பும் நல்லெண்ணம் என்று மூன்று காரணங்கள் கண்டுவைத்திருந்தார். செயற்குழுவில் அதை வாசித்துக் காட்டியபோது, சென்னையிலிருந்து வந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நிதின் குறுக்கிட்டான்.

“சார், அவங்க மிளகுக்காகத்தானே வந்தாங்க? நடுவுல இருந்த வியாபாரிங்க விலையை ஏத்தி உயிரை எடுத்தாங்க. அவங்களைத் தாண்டிப் போகத்தான் கடல்ல வழி தேடினாங்க. ஸ்கூல்லயே படிச்சோமே?”

“தம்பி, சான்றோர் அவையிலை சாப்பாட்டுக் கதை கதைக்கக் கூடாது,” என்றார் குலசிங்கம்.

அதன் பிறகு செயற்குழு, அன்றைய அடுத்த விடயமான விருந்துச் சாப்பாட்டைப் பற்றி வெகுநேரம் விவாதித்தது.

அங்கேதான் நெருக்கடி. போன ஆண்டு விருந்தில் ரசமும் தேங்காய்ப்பால் சொதியும் கறிவேப்பிலை இல்லாமல் வந்தன. ‘கறிவேப்பிலைக்கு வழி இல்லாதவர் இனத்துக்கு என்ன வழி காட்டப் போகிறார்?’ என்று அவருடைய காதுபடவே கேட்டார்கள். இந்தத் தடவையும் ரசம் மொட்டையாக வந்தால் நாற்காலி போய்விடும்.

ஒக்லாந்தில் சான்றோர் அறிந்த கறிவேப்பிலை மரம் ஒன்றே ஒன்று. அது பாபகூராவில், தமயந்தி அம்மையாரின் கண்ணாடி வீட்டுக்குள் நின்றது. அம்மையார் காசு வாங்க மாட்டார். கணவர் இராசநாயகம் எழுதிய கவிதைகளை உட்கார்ந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். முன்பெல்லாம் ஒரு கவிதைக்கு ஒரு கொப்பு கிடைத்தது. தமிழ்ச் சனம் பெருகப் பெருக, ஒரு காவியத்துக்கு நாலு இலை என்றாகிவிட்டது. விருந்துக்கு வேண்டிய அளவைக் கேட்டுக் குலசிங்கம் தொலைபேசி எடுத்தபோது அம்மையார் மனமுவந்து சம்மதித்தார்.

“அதுக்கென்ன அண்ணை, தாராளமாத் தாறன். இவரின்ரை முழுத் தொகுப்பையும் ஆய்வரங்கத்திலை வாசிக்க விடுங்கோ.”

குலசிங்கம் ரிசீவரை வைத்துவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

“இனி வேறை வழி கண்டுபிடிக்கத்தான் வேணும்,” என்றார் மனைவி செல்வநாயகியிடம்.

“என்னத்தைக் கண்டுபிடிக்கிறது? மூண்டு தெரு தள்ளி மரகதம் அக்கா வீட்டுச் சுவரோடை நிக்குதே! எத்தினை தரம் சொன்னனான்? எங்கடை கறியிலை கிடக்கிற இலை ஆகாயத்திலையிருந்தே விழுந்தது?”

“ஆர் அது?”

“பிஜி அக்கா. தமிழ்தான் கதைக்கிறவ.”

பெயரைக் குலசிங்கம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மரத்தை மட்டும் போட்டுக்கொண்டார். மறுநாள் செயற்குழுவில், ‘பல காலத் தேடலின் பயனாக நாம் ஒரு மரத்தைக் கண்டுபிடித்துள்ளோம்’ என்று அறிவித்தார். வழி சொன்ன மாலுமியின் பெயரை வெளியிடும் வழக்கம் கண்டுபிடிப்பாளர்களிடம் எக்காலத்திலும் இருந்ததில்லை.

அந்த வீட்டுக்கார அம்மாளை அவைக்குத் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. இரண்டு வருடங்களுக்கு முன் அவையில் சேர வந்திருந்தார். கரும்பு வெட்ட வெள்ளைக்காரன் சேலத்திலிருந்து பிடித்துப் பிஜிக்குக் கப்பலில் ஏற்றிப்போனவரின் கொள்ளுப்பேத்தி. நாலு தலைமுறையாக வாயிலேயே வைத்துக் காப்பாற்றிய தமிழோடு வந்து நின்றவரை, செயலாளர் குணரத்தினம் தூய தமிழில் ஐந்து நிமிடம் பேசிக் காட்டச் சொன்னார். நடுவில் ஒரு இந்திச் சொல் விழுந்துவிட்டது. குணரத்தினத்தின் சொந்தப் பிள்ளைகள் ‘அப்பா’ என்பதைக்கூட ‘டாட்’ என்றுதான் சொன்னார்கள். ஆனால் அது நல்ல ஆங்கிலம், கலப்படமில்லாதது. பெயர் கேட்கும் கட்டத்துக்குப் போகாமலே நேர்முகம் முடிந்தது.

ஆகவே குலசிங்கமும் குணரத்தினமும் டொயோட்டாவில் ஏறிப் புறப்பட்டார்கள். கண்டுபிடித்த நாட்டின் அரசிக்குக் காணிக்கையாக அவையின் அந்த ஆண்டுக் காலண்டரை எடுத்துக்கொண்டார்கள். அதில் நாலு மாதம் ஏற்கெனவே கிழிந்திருந்தது.

அந்த நாட்டில் வெயில் விழும் வடக்குப் பக்கச் சுவரோரம் மரம் தளதளவென்று நின்றது. தெருவில் யார் வீட்டுக்கும் அந்த மரத்தில் உரிமை இருந்தது போலும். வாயிற்படலைக்குப் பூட்டே இல்லை. சொந்தக்காரர் உள்ள நாடு என்பதற்கான அறிகுறி எதுவும் குலசிங்கத்தின் கண்ணில் படவில்லை.

“வாங்கய்யா, வாங்க. செல்வி வீட்டுக்காரர்தானே? டீ குடிக்கிறீங்களா?” என்று மரகதம் வெளியே வந்தார்.

“தேத்தண்ணி பிறகு குடிக்கலாம். அவையின்ரை விருந்துக்குக் கறிவேப்பிலை தேவைப்படுது,” என்றார் குணரத்தினம், விழியை மரத்தைவிட்டு எடுக்காமல்.

“அதுக்கென்ன, எடுத்துக்கங்க. நான் சனிக்கிழமை வேலைக்குப் போயிடுவேன், வந்து ஒடிச்சிக்கங்க. நுனியை மட்டும் விட்டுடுங்கய்யா. இங்க ஜூன்ல குளிர் வருது. மொட்டை அடிச்சா தாங்காது. எட்டு வருசமா புள்ள மாதிரி வளத்தது.”

“அவை ஆவன செய்யும்,” என்றார் குலசிங்கம்.

இரகசியம் என்றால் தமிழர் வாயில் எவ்வளவு நேரம் நிற்கும்? வெள்ளிக்கிழமையே தமயந்தி அம்மையாருக்கு எட்டிவிட்டது. இராசநாயகம் கத்தரியோடு மங்கரேக்குப் புறப்படப் போகிறார் என்று குணரத்தினம் மூச்சிரைக்கச் சேதி கொண்டுவந்தார்.

“அவையள் வந்து வெட்டினா மரம் பாழாப் போயிடும்,” என்றார் குலசிங்கம் கவலையோடு. “அதுக்கு முந்தி நாங்கள் வெட்டிப்போட வேணும்.”

இதைப் பேராசை என்று சொல்வது மடமை. பிறர் கையில் அகப்பட்டு அழியக்கூடாதே என்ற கருணையால்தான் சனிக்கிழமை காலை இரு சான்றோரும் அந்த மரத்தை முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவந்தார்கள். நுனி, நடு என்று பாகுபாடு காட்டவில்லை. கறுப்புக் குப்பைப் பைகளில் கட்டி அவையின் சமையலறையில் குவித்தார்கள். மிஞ்சிய கட்டையில் குணரத்தினம் ஒரு அட்டையைத் தொங்கவிட்டார்: ‘இம்மரம் சான்றோர் அவையின் பாதுகாப்பில் உள்ளது.’

அன்று மாலையே ஆய்வரங்கம். குலசிங்கம் அறிவுத் தாகத்தில் தொடங்கி நல்லெண்ணத்தில் முடித்தார். கைதட்டல் ஓய்ந்ததும், பின் வரிசையில் செல்வநாயகிக்குப் பக்கத்தில் ஒருவர் எழுந்தார். வீட்டுக்குப் போய்க் கட்டையைப் பார்த்த கையோடு, வேலைத்தலத்து உடுப்பைக்கூட மாற்றாமல் வந்த மரகதம்.

“எனக்கு நல்ல தமிழ் வராதுங்க. தப்பா இருந்தா மன்னிச்சிக்கங்க,” என்றார். “எங்க கொள்ளுத்தாத்தாவ கப்பல்ல ஏத்தும்போது வெள்ளைக்காரன் பேரு கேட்டானாம். சொன்னதைச் சரியா எழுதிக்கல, ஆனா கேட்டான். நீங்க என் வீட்டுக்கு ரெண்டு தடவ வந்தீங்க. என் பேரு என்னய்யா?”

குலசிங்கம் குணரத்தினத்தைப் பார்த்தார். குணரத்தினம் மேசை விரிப்பைப் பார்த்தார். செல்வநாயகி கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் தலைவர் என்றால் சும்மாவா?

“மிக ஆழமான கேள்வி,” என்றார். “இதுக்குத் தனியா ஒரு ஆய்வரங்கம் வைப்பம். இப்ப ரசம் ஆறுது.”

சபை கலைந்து ரசத்தை நோக்கி ஓடியது. என்ன மணம்! சோற்றில் கறிவேப்பிலை, சொதியில் கறிவேப்பிலை, வடையில் கறிவேப்பிலை. ‘ஊர் மணக்குது’ என்று கண் கலங்கியவர்களும் உண்டு. கறிகூட எடுத்துக்கொள்ளாமல் மரகதம் பஸ்ஸுக்குப் போய்விட்டார். சாப்பாடு முடிந்த அடுத்த நிமிடம் ஏகமனதாகக் கைகள் உயர்ந்தன. குலசிங்கம் மறுபடியும் தலைவரானார்.

கழுத்து மாலையோடு மேடையிலிருந்து இறங்கிவந்தவரைச் செல்வநாயகி குப்பைத் தொட்டியடியில் மறித்தாள். நம் ஆட்கள் சாப்பிடும் விதம் தெரிந்ததுதானே. ஒருவரும் இலையைக் கடிக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பேப்பர் பிளேட்டின் ஓரத்தில் ஒதுக்கி, அப்படியே தொட்டியில் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்கள். எட்டு வருட மரம் முழுவதும் தொட்டி நிறையக் கிடந்தது.

“உங்கடை கட்டுரையிலை ஒண்டை விட்டிட்டியள்,” என்றாள். “அந்த வெள்ளைக்காரர் கொண்டுபோன மிளகைத் திண்டாவது முடிச்சாங்கள்.”